அப்பாவுக்கு நினைவில்லாத ஒரு மணி நேரம்

கடந்த நவம்பரில் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் அப்பாவுக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். அவருக்கு 73 வயது. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தேதியும் கையெழுத்தும் இல்லாத எந்தத் தாளையும் இன்றுவரை அவர் நம்புவதில்லை. ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வந்ததால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

முந்தைய நாள் மாலை, 2 லிட்டர் தண்ணீரில் கரைத்த பேதி மருந்தை அவரைக் குடிக்க வைத்தது ஒரு தனிப் போராட்டம். இளநீர் குடிக்கலாம், மாதுளைச் சாறு கூடாது என்றார்கள். அந்தச் சிவப்பு, கேமராவில் இரத்தம் போலத் தெரியுமாம். காலையில் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதா என்பதையும் முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

உள்ளே அழைக்கும் முன் மோதிரம், கண்ணாடி, பல்செட் மூன்றையும் கழற்றித் தரச் சொன்னார் செவிலியர். பல்செட் இல்லாத அப்பாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கழற்றி, நான் கொண்டுபோயிருந்த சிறிய சம்படத்தில் இட்டு, மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்த பிறகே என்னிடம் கொடுத்தார்.

மயக்கவியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இது அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம் அன்று. மூச்சை அப்பாவே விடுவார். மூக்கில் ஆக்சிஜன் குழாயும் விரலில் ஒரு கிளிப்பும் இருக்கும். முதலில் பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலம், பிறகு தூங்க வைக்கும், பால் போல வெண்மையாக இருக்கும் புரோபோஃபால். இரண்டாவது மருந்து ஏறும்போது கை சற்று எரியலாம். போகிற போக்கில் அவர் சொன்ன இன்னொன்றுதான் அன்று எனக்கு மிகவும் பயன்பட்டது: “கண் விழிச்ச பிறகு நல்லாவே பேசுவார். ஆனா அது எதுவும் அவர் ஞாபகத்துல நிக்காது.”

நாற்பது நிமிடங்களில் வெளியே கொண்டுவந்தார்கள். அப்பா கண் திறந்து, “எப்பம்மா ஆரம்பிப்பாங்க?” என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றதும் நிம்மதியாகத் தலையசைத்தார். சில நிமிடங்களில் அதே கேள்வி, அதே குரலில், அதே நிம்மதியோடு. இப்படி நான்கு முறை. மருத்துவர் வந்து, குடலின் உட்சுவரில் முளைத்திருந்த இரண்டு சிறிய சதை வளர்ச்சிகளை (பாலிப்புகளை) அகற்றிச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னபோது, “அளவு என்ன சார்?” என்று தெளிவாகக் கேட்டு, ஆறு மில்லிமீட்டர் என்ற பதிலையும் பெற்றுக்கொண்டு நன்றி சொன்னார். எச்சரிக்கை மட்டும் இல்லாதிருந்தால், எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நானும் சும்மா இருந்திருப்பேன். மிடசோலம் போட்டுச் சற்று நேரத்தில் நோயாளியிடம் முடிவைச் சொல்வது நீர்மேல் எழுத்துதான். கூட வந்தவரைத் தனியே அமர்த்திச் சொல்வதே முறை என்பது என் எண்ணம். அன்று நான் ஒரு நோட்டில் வரிவரியாக எழுதிக்கொண்டேன்.

காரில் வரும்போது, “டாக்டர் வந்து பார்க்கவே இல்லையே” என்று குறைப்பட்டார். அதோடு, ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றைப் போகிற வழியிலேயே வங்கியில் முடித்துவிடலாம் என்றார். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான எதிலும் கையெழுத்திடக் கூடாது என்று தாளில் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். “எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சதைப் பரிசோதனையில் பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் அது தெரியவந்தது ஒரு வாரம் கழித்து. மறுநாள் காலையில் அவரிடம் இருந்தது என் நோட்டு மட்டுமே. கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே கேட்ட கேள்வி இருந்த வரியில் விரலை வைத்து, “இதை நானா கேட்டேன்?” என்றார். ஆமாம் என்றேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேதி போட்டிருக்கே, நேரம் போடலையே” என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.