ஐந்து ஹோல்டர், பத்து ஃபிலிம்

2024 ஜூலை 2

மலைமேல் எங்கள் நாலுமுக்கு எஸ்டேட்டில் மழை விடவே இல்லையாம். தம்பி சிக்னல் கிடைக்கிற வளைவு வரை நடந்து வந்து பேசினான். தேயிலைத் தோட்டத்தை மூடுகிறார்கள், ஒவ்வொரு குடும்பமாக இறங்குகிறது. எங்கள் லைன் வீட்டு வரிசையில் ஏழு வீட்டில்தான் இன்னும் அடுப்பு எரிகிறது. போன வாரம் எட்டு.

ஜூலை 3

இரண்டு லென்ஸ், ஒன்றுக்குத்தான் பணம். இரவு முழுக்க இதுதான்.

என் மடிப்பு கேமரா கிரவுன் கிராஃபிக்கில் இப்போது இருப்பது 135 மில்லிமீட்டர் ஆப்டார் லென்ஸ். இந்த எண் குறைந்தால் அகலமாகப் பார்க்கும், கூடினால் தள்ளி நின்றே பெரிதாகக் காட்டும். லென்ஸைக் கழற்றாமலே கேமராவை மடித்துப் பூட்டிவிடலாம், டிபன் டப்பா மாதிரி. பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த கேமராவை வாங்கினேன். பெரிய ஃபிலிம், சின்னப் பெட்டி.

சென்னையில் பழைய லென்ஸ் விற்கும் பெரியவரிடம் 90 ஆங்குலான் ஒன்று, 203 எக்டார் ஒன்று. இரண்டும் கைக்குள் அடங்குகிறவை. 90 சூப்பர் ஆங்குலானும் வைத்திருக்கிறார். அது நல்ல லென்ஸ், துளையை எஃப் 22-க்குச் சுருக்கினால் 216 மில்லிமீட்டர் அகலத்துக்குப் படவட்டம் விழும், லென்ஸைப் பிடித்திருக்கும் முன்பலகையை மேலே தூக்கி விளையாடலாம். ஆனால் அந்தப் பருமனை மாட்டிவிட்டுக் கேமராவை மூட முடியாது. பழைய ஆங்குலானின் வட்டம் 154. நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிமின் மூலைவிட்டமும் கிட்டத்தட்ட அதேதான். மூலையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

இனி கணக்கு. வீட்டு வாசலிலிருந்து முற்றத்து விளிம்பு வரை ஆறு மீட்டர். 135-இல் ஆறு மீட்டரிலிருந்து 5.3 மீட்டர் அகலம்தான் விழும். எங்கள் வீட்டின் அகலம் நான்கு. அதாவது ஒரு வீடும் கொஞ்சம் சுவரும். 90-இல் எட்டு மீட்டர் விழும். எங்கள் வீடும், இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதி வீடும்.

203 எதற்கு என்றால், ஆச்சி முகத்துக்கு. தலையும் தோளுமாக ஃபிலிமை நிரப்ப 203 வைத்தால் 1.2 மீட்டர் தள்ளி உட்காரலாம். அதே அளவுக்கு 135 வைத்தால் 80 சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். அவ்வளவு பக்கத்தில் கண்ணாடிக் குழாயை நீட்டினால் ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜூலை 4

90.

ஜூலை 5

203. ஆச்சிக்கு அப்புறம் யாரை எடுக்கப் போகிறேன்?

ஜூலை 6

ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் செருகும் ஹோல்டர் வந்தது. பழைய பிளாஸ்டிக் ஹோல்டர் ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம், ஆக பத்து ஃபிலிம். தராசில் வைத்தேன், ஐந்தும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

கிராஃப்மேட்டிக் வாங்கியிருக்கலாம் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே பெட்டியில் ஆறு ஃபிலிம். இழுத்துத் தள்ளினால் அடுத்த ஃபிலிம் முன்னால் வரும். எத்தனையாவது படம் என்ற எண்ணைக்கூட நெகட்டிவ் ஓரத்தில் அதுவே பதித்துவிடும். இரண்டு ஹோல்டர் இடத்தில் ஆறு ஃபிலிம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் உள்ளே இருப்பவை மெல்லிய தகடுகள். ஒன்று வளைந்தால் போதும், பாதியில் சிக்கிக்கொள்ளும். சாரலில் நின்று அதைத் திறந்து பார்க்கவா முடியும்? ஆறும் ஒரேயடியாகப் போகும். சாதா ஹோல்டர் ஒன்று கெட்டால் இரண்டோடு போகும். வேண்டாம்.

ஐந்தையும் சோதித்தேன். பிரிண்ட் போடுகிற காகிதத்தை இருட்டில் உள்ளே வைத்து, மேலே செருகும் ஸ்லைடு தகட்டை மூடி, மாடியில் வெயிலில் பக்கத்துக்குப் பத்து நிமிடம் போட்டேன். டெவலப் செய்தபோது நான்கு சுத்த வெள்ளை. நான்காம் எண்ணில் மட்டும் ஸ்லைடு நுழைகிற வாயிலிருந்து விசிறி மாதிரி ஒரு கறுப்பு. அங்கே இருக்கும் வெல்வெட் தேய்ந்துவிட்டிருக்கிறது. கறுப்பு டேப் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். எந்த ஹோல்டரில் எடுத்தது என்று பிறகு தெரிய வேண்டுமே, அதற்காக ஃபிலிமின் விளிம்பை மூடும் தகட்டில் அரத்தால் வெட்டு போட்டேன். ஒன்றுக்கு ஒரு வெட்டு, இரண்டுக்கு இரண்டு. நெகட்டிவ் ஓரத்தில் அது சின்னக் கறுப்புப் பல்லாக விழும். ஐந்தாம் எண்ணுக்கு ஐந்து வெட்டு போட இடமில்லை, அகலமாக ஒன்று போட்டேன்.

ஜூலை 7

அம்மா ஆச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாள். கீழே வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது, ஆச்சிக்குத் தனி அறையும் இருக்கிறது. "மாடிப்படி ஏற மாட்டா" என்றேன். "மலையே ஏறினவளுக்குப் படி ஒரு பாடா" என்றாள் அம்மா. அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை.

ஜூலை 8

எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு பெட்டி இருக்கிறது, இருபத்தைந்து ஷீட். அதை வீணாக்க முடியாது. வீடுகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம். திருநெல்வேலி மருந்துக் கடையில் எட்டுக்குப் பத்து அங்குலப் பெட்டி, நூறு ஷீட், பச்சை ஒளிக்கு உணர்வுள்ள வகை. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே வெட்டலாம்.

நான்காக வெட்டினால் நான்குக்கு ஐந்து வந்துவிடும் என்று நினைத்து நாற்பது துண்டு வெட்டினேன். ஒன்றுகூட ஹோல்டரில் நுழையவில்லை. நான்குக்கு ஐந்து என்று பெயர்தான், உண்மையில் ஃபிலிம் அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சின்னது. அந்த ஒன்றரை மில்லிமீட்டரை நாற்பதிலும், இரண்டு பக்கத்திலும், ஒவ்வொன்றாகச் சீவ வேண்டியதாயிற்று. சிவப்பு வெளிச்சத்தில் கண் எரிந்தது. பாதிக்கு மேல் விரல் ரேகை.

சிவப்பு நிறம் இந்த ஃபிலிமில் கறுப்பாக விழும். ஆச்சியின் அரக்குச் சேலை, குங்குமம், எல்லாம் கறுப்பு. ஆச்சிக்கு எச்பி5தான்.

ஜூலை 9

இருட்டறையில் கேமராவின் மடிப்புத் துருத்தி, பெல்லோஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது மேல் மூலையில் மூன்று ஊசி ஓட்டை. மடிப்பு மடங்கும் இடத்தில்தான் எப்போதும் விழும். துணிக்குப் போடும் கறுப்பு பெயிண்ட் இரண்டு கை பூசினேன். 1973-இல் இந்த கேமரா செய்வதையே நிறுத்திவிட்டார்கள். என்னுடையது அதற்கும் எத்தனை வருடம் முந்தியதோ.

ஜூலை 11

மேலே போய் வந்தேன். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கேமராவை மடித்தே காட்டினேன். பெட்டி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாஞ்சோலை தாண்டியதும் மேகம் மூடிக்கொண்டது. காக்காச்சியில் எதிரே வந்த வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. நாலுமுக்கில் இறங்கியதும் காலில் அட்டை. கவாத்து செய்யாத தேயிலை இடுப்புக்கு மேலே நிற்கிறது. அது அப்படி வளர்ந்து நான் பார்த்ததே இல்லை. தாத்தா கையில் இருந்தால் மேசை மாதிரி வெட்டிவிட்ட மட்டத்துக்கு மேலே ஒரு கொழுந்துகூட நீட்டியிருக்காது.

கேமராவின் ஃபோகஸ் கண்ணாடியில் விழும் படத்தைப் பார்க்கத் தலைமேல் போடும் துணிக்குத் தாத்தாவின் கம்பளி. மழையில் நனைந்த கம்பளி வாசனை மாறவே இல்லை. அதற்குள் தலையை விட்டதும் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்க்க முடியவில்லை.

ஆச்சியையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். "ஏட்டி, வீடு தலகீழால்லா நிக்கி" என்றாள். கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள். வெளியே வந்து நிஜ வீட்டை ஒருமுறை பார்த்தாள். மறுபடி கம்பளிக்குள் குனிந்து, "கடேசி வீட்டுக்காரி வாசலு தெரியலியே. அவ வாசலையும் சேத்து எடு" என்றாள்.

கடைசி வீட்டுக்காரி என்றால் ஒட்டின வீடு. போன மாதமே இறங்கிப் போய்விட்டாள். பூட்டுதான் தொங்குகிறது.

பின்னால் போனேன். முற்றத்து விளிம்பு. அதற்குப் பின்னால் கல்லுக்கட்டு, கல்லுக்கட்டுக்குக் கீழே சரிவும் தேயிலையும். முக்காலியின் ஒரு காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுக்கூடப் பார்த்தேன். 135-இல் பூட்டு வருகிறது, கதவு வரவில்லை.

எட்டு ஃபிலிம் எடுத்தேன். எஃப் 22, எச்பி5-க்குக் கால் நொடி, எக்ஸ்ரேக்கு ஒரு நொடி. ஷட்டரில் ஒரு நொடி என்பது குளிரில் ஒன்றரை நொடி ஓடுகிறது, சத்தத்திலேயே தெரிந்தது. ஆச்சி அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஜூலை 12

ஆச்சியின் முகம் போய்விட்டது.

ஸ்லைடில் வெள்ளை முனை வெளியே இருந்தால் ஃபிலிம் புதிது, கறுப்பு முனை வெளியே இருந்தால் எடுத்தாகிவிட்டது. எல்லோரும் கடைப்பிடிப்பது அவ்வளவுதான். வெள்ளைப் பக்கத்தில் சின்னப் புடைப்பு வைத்திருப்பதே இருட்டில் தடவிப் பார்த்துக்கொள்ளத்தான். மழையில் அவசரத்தில் வெள்ளையை வெளியே வைத்து மூடியிருக்கிறேன். புதிது என்று நினைத்து அதன் மேலேயே அடுத்த படம். ஆச்சியின் கன்னத்தில் பூட்டு, நெற்றியில் தகரக் கூரை.

80 சென்டிமீட்டரில் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாளே.

ஜூலை 13

எதுவும் செய்யவில்லை.

ஜூலை 14

ஆறு வீடு.

ஜூலை 15

பெரியவர் எக்டாரின் படம் அனுப்பியிருக்கிறார். எண்ணுக்கு முன்னால் ஆர், சி என்று இரண்டு எழுத்து. கோடாக்காரர்கள் கேமரோசிட்டி (CAMEROSITY) என்று பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, முதல் எழுத்து ஒன்று, கடைசி எழுத்து பூஜ்யம் என்று வருடத்தைப் பொறித்தார்கள். ஆர் ஐந்தாவது, சி முதலாவது. 1951.

ஆச்சியின் ஆதாரில் இருப்பதும் அதே வருடம்தான். அது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. இருந்தாலும்.

சரி, கணக்கு பார்க்கலாம். 203-க்கு 1.2 மீட்டரில் பெல்லோஸை 24 சென்டிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். என் கேமராவில் இழுக்கலாம், வெளிச்சம் அரை ஸ்டாப், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, ஆக்கினால் போதும். மடிக்கவும் மடியும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட அந்த லென்ஸில் இல்லை.

ஆனால் ஆச்சி கேட்டது கடைசி வீட்டுக்காரி வாசலை. அவள் முகத்தை எடு என்று ஆச்சி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முகம் எனக்குத்தான் வேண்டும்.

பெரியவருக்குப் போன் போட்டேன். "தொண்ணூறை அனுப்புங்க சார்." எக்டாரை இரண்டு மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவராகவே, "அது இங்கதாம்மா இருக்கும், அவசரமில்ல" என்றார்.

ஜூலை 17

கூரியர் வரவில்லை.

ஜூலை 18

வரவில்லை. மதுரையில் இருக்கிறதாம். தம்பி கூப்பிட்டான், ஆச்சி சட்டி பானையை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம், யாரும் சொல்லாமலே. வீடு ஐந்து.

ஜூலை 20

வந்துவிட்டது. அடைக்கப் போட்ட பஞ்சுக்குள் ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கி வைத்த மாதிரி அவ்வளவு சின்னது. லென்ஸின் பின்பக்கத்தில் ஒரு கீறல், படத்தில் தெரியாது என்று முன்னமே சொல்லியிருந்தார்.

90-க்கு, கேமராவைத் திறந்தால் முன்னால் நீளும் அடிப்பலகையை ஒரு படி கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பலகையே படத்தின் அடியில் விழும். லென்ஸ் பெட்டிக்கு உள்ளேயே நிற்கிறது. எஃப் 6.8-இல் கண்ணாடியின் நடுவில் மட்டும் வெளிச்சம், ஓரம் கும்மிருட்டு. கம்பளியைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் கண் பழகின பிறகுதான் எதிர்வீட்டுக் கிராதி தெரிந்தது. எஃப் 22-க்கு மூடினால் நான்கு மூலையும் நிறைகிறது. கண்ணாடியின் மூலை வெட்டு வழியாக எட்டிப் பார்த்தேன், அப்பர்ச்சர் முழு வட்டமாகத் தெரிந்தது. முன்பலகையை அரை சென்டிமீட்டர் தூக்கினேன், அந்த வட்டம் உடனே பூனைக்கண் ஆகிவிட்டது, மூலைக்கு வெளிச்சம் முழுதாக எட்டவில்லை. அப்படியென்றால் தூக்கவே கூடாது. கேமராவை நேராக, வாசல் மட்டத்துக்கு நிறுத்த வேண்டும். ஆச்சி உட்காரும் உயரம்.

மாட்டியபடியே மடித்தேன். க்ளிக் என்று பூட்டியது.

ஜூலை 21

மழை. மேலே பஸ் போகவில்லை.

ஜூலை 22

போகவில்லை. ஊத்திலும் நாலுமுக்கிலும் எவ்வளவு பெய்தது என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களை ரேடியோவில் மழைக்கணக்கில் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள் பலர்.

தோட்டம் 2028 வரை குத்தகை என்பார் தாத்தா, 1929-லிருந்து தொண்ணூற்றொன்பது வருஷம் என்பார். அவருக்கு அது முடியாத காலம்.

ஜூலை 23, இரவு

தம்பி பேசினான். நாளைக்கு பஸ் உண்டு. ஆச்சி நாளை மறுநாள் இறங்குகிறாள், வண்டி பேசியாகிவிட்டது.

குளியலறைக் கதவிடுக்கில் ஈரத்துண்டு திணித்துவிட்டு ஃபிலிம் ஏற்றினேன். முதலில் எக்ஸ்ரே, பூச்சு எந்தப் பக்கம் என்று காட்டும் வெட்டுக்குறி அதற்குக் கிடையாது, இரண்டு பக்கமும் பூச்சுதான், எப்படி வைத்தாலும் சரி. அப்புறம் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு எச்பி5. குறி வலது மேல் மூலையில் விரலுக்குப் படும்படி பிடித்தால் பூச்சு நம்மைப் பார்த்து இருக்கும். முழங்கை வரை வியர்வை, ஒவ்வொரு ஃபிலிமுக்கும் கையைத் துடைத்தேன். ஹோல்டரின் ஓரத் தடத்துக்கு மேலே போகாமல் அடியில் நுழைந்ததா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன். மடலை மூடி ஸ்லைடைத் தள்ளி, புடைப்பு இருக்கிறதா என்று கட்டைவிரலால் இரண்டு முறை தடவினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று: எக்ஸ்ரே. நான்கு, டேப் ஒட்டியது: எக்ஸ்ரே, கடைசியில்தான் தொடுவேன். ஐந்து: எச்பி5, இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மூன்று வாசலும் தெரிய நடுவில் ஆச்சி. இன்னொரு பக்கத்துக்கு 135-ஐயும் லென்ஸைக் கழற்றும் ஸ்பேனரையும் பையில் போட்டிருக்கிறேன். 80 சென்டிமீட்டர். இன்னொரு தடவை உட்காருவாளா என்று கேட்க வேண்டும்.

கம்பளி இன்னும் காயவில்லை. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பியிடம் கேட்க வேண்டும்.