தவணையில் சரி செய்த ஹெரால்டு

பழைய கார் வாங்குகிறவர்கள் பலர் முதல் வேலையாக வண்டியை ஷெட்டில் விட்டு நட்டு போல்ட் வரைக்கும் பிரித்துவிடுகிறார்கள். 'ஒரேயடியா எல்லாத்தையும் முடிச்சுடலாம் சார்' என்று மேஸ்திரியும் தலையாட்டுவார். எனக்குத் தெரிந்த ஒருவருடைய மோரிஸ் மைனர் இப்படிப் பிரிக்கப்பட்டு இன்னமும் அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. பிரித்தவர் ஊருக்குப் போய்விட்டார். எந்த போல்ட் எங்கே போகும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. என்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டை நான் ஒருநாளும் அப்படிப் பிரிக்கவில்லை. ஓட்டிக்கொண்டே, கையில் காசும் நேரமும் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொரு பாகமாகச் சரி செய்தேன். வருஷக்கணக்கில் இழுத்தது உண்மைதான். ஆனால் அத்தனை வருஷமும் வண்டி ரோட்டில் இருந்தது.

இதற்கு என் பொறுமை மட்டும் காரணமில்லை, ஹெரால்டு பிறந்த விதமும் ஒரு காரணம். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வந்த சமயத்தில், மற்ற கம்பெனிகள் பாடியையும் சேஸி என்கிற அடிச்சட்டத்தையும் ஒன்றாக வெல்டிங் வைத்துச் செய்ய ஆரம்பித்திருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்குப் பாடி செய்து தந்துகொண்டிருந்த ஆலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், அவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. சரி என்று பழையபடி தனிச் சேஸிக்குத் திரும்பி, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த அழகான வடிவத்துக்கு அடியில் இப்படி ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது. அன்று அவர்களுக்கு வந்த சங்கடம் இன்று எனக்கு வசதி. ஒரு துண்டைக் கழற்றிக்கொண்டு போய்ச் சரி செய்து, கொண்டுவந்து மாட்டிவிடலாம்.

1961-இலிருந்து அதையே நம் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் மெட்ராஸ் தயாரிப்பு இதுதான். பிற்பாடு 4 கதவு வைத்தும் விட்டார்கள். இங்கிலாந்தில்கூட ஹெரால்டுக்கு 4 கதவு கிடையாது. என்னுடையது 1964 மாடல், 2 கதவு. நான் இருப்பது மேற்குத் தாம்பரம். ஆலை நின்ற இடத்தில் இப்போது ஐ.டி. கம்பெனிகளின் கட்டடங்கள் நிற்கின்றன. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் 'இங்கேதான் இந்த வண்டி பொறந்துச்சு' என்று சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. வீட்டில் யாரும் இப்போது அதைக் காதில் வாங்குவதும் இல்லை.

வண்டி கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. அவர் காலமான பிறகு யாரும் எடுக்கவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். முதல் தவணை முழுக்க நிற்பதற்கும் ஓடுவதற்குமான வேலைதான், அழகு பார்க்கிற வேலை எதுவும் இல்லை. நான்கு சக்கரத்திலும் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்றினோம். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றி, உள்ளே ஜல்லி போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை வெளியே கொட்டினோம். எலி கடித்த ஒயரிங்கை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தோம். சோலெக்ஸ் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டியதும் 948 சிசி என்ஜின் பெரிதாக அடம் பிடிக்காமல் பேசியது. பெயின்ட் வெளுத்து, சீட் கிழிந்து, அந்தக் கோலத்திலேயே வண்டியை வெளியே எடுத்தேன். 'இந்த டப்பாவுலயா கோயிலுக்குப் போகணும்?' என்று கேட்டுக்கொண்டேதான் என் மனைவி ஏறி உட்கார்ந்தாள்.

ஹெரால்டு வைத்திருப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். அந்தத் துண்டுதான் ட்ரன்னியன். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை அதற்குள் சுழலும். பார்க்கிற மெக்கானிக் எல்லாம் அதில் கிரீஸ் அடிக்கத்தான் வருவார்கள். எனக்கு வாய்த்த மேஸ்திரி வாலிப வயதில் ஹெரால்டு டாக்ஸியும், அதற்குப் பிறகு அதே ஆலையில் வந்த கேசல் காரும் பார்த்துப் பழகியவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: 'தம்பி, இதுக்கு கிரீஸே காட்டாதீங்க. தொண்ணூறு ஆயில்தான்.' கிரீஸ் அடித்தால் அது கெட்டியாகி மரை முழுக்க ஏறாது. உள்ளே தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமல் தண்டு துருப்பிடிக்கும். பிறகு ஏதோ ஒரு நாள் வளைவில் திரும்பும்போது முறிந்து சக்கரம் படுத்துவிடும். கம்பெனி மேனுவலிலும் கியர் ஆயில் என்றுதான் இருக்கிறது.

கீழே இருக்கிற சின்ன பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட வேண்டும். கிரீஸ் கன்னில் ஆயிலை ஊற்றி அடித்தால், பழைய ஆயில் கறுப்பாக மேலே பிதுங்கி வரும். கன்னிலிருந்து ஆயில் கை, தரை, லுங்கி எல்லாவற்றிலும் சொட்டும். புது ஆயில் நிறம் மேலே தெரிகிற வரைக்கும் அடிக்க வேண்டும். முதல் தடவை என் வண்டியிலிருந்து வந்தது செங்கல் நிறத்தில் ஒரு சேறு. மேஸ்திரி அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டு பக்கத் தண்டையும் கழற்றினார். இடது தண்டின் மரைக்குமேல் கழுத்தில் துரு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. புதுசு வரும்வரை வண்டியை நகர்த்தவே விடவில்லை. இப்போது மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவை, பிறகு ஒரு தடவை என்று நானே அடித்துவிடுகிறேன். இந்த வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை.

ஹெரால்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது பானெட். முன் மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து மொத்த முகப்பும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க்குக்கான பாயின்ட் கேப் பார்க்கலாம், வால்வு இடைவெளியான டாப்பெட் வைக்கலாம். முதுகு வலிக்காது. இந்த ஒரு வசதியால்தான் நான் பாதி மெக்கானிக் ஆனேன்.

பாடிக்கு அடியில்தான் பணம் கரைந்தது. சேஸியின் இரண்டு முதுகெலும்புக் கம்பிகளிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். அந்தக் கைகளில் சேறு தங்கி அரித்திருந்தது. கதவு மூடும்போது லேசாக இடிப்பதை வைத்தே டிங்கர் கண்டுபிடித்தார். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் பாடி தொய்ந்துவிடும். அதனால் கதவுகளை மூடி, முட்டுக் கொடுத்து, ஒரு கையை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். கதவுக்குக் கீழே வரும் பட்டைகள் போல்ட்டில் நிற்பவை என்பதால், அவற்றைக் கழற்றி அவருடைய பட்டறைக்கே அனுப்பிவிட்டேன்.

பெயின்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளிர் நீலம். கடைசியாக அடித்தேன். அவ்வளவுதான்.

சாமானுக்கு அலைந்ததும் ஒரு கதைதான். புதுப்பேட்டையில் ஒரு காலத்தில் ஹெரால்டு சாமான் குவிந்து கிடந்ததாக மேஸ்திரி சொல்வார். நான் போனபோது ஒரு டெயில் லைட் கண்ணாடியும், ஒரு பழைய டைனமோவும் கிடைத்தன. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பெரிய வயசுக்காரர்கள் உட்காரும் கடையாகப் பார்த்து நுழைந்தால் பேரிங், ஆயில் சீல் கிடைக்கும். வண்டிப் பெயரைச் சொல்வதைவிடப் பழைய பேரிங்கையே கையில் கொண்டுபோய் நம்பரைக் காட்டுவது நல்லது. ட்ரன்னியனும் தண்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் இந்த ஹெரால்டின் சேஸி வம்சத்தில் வந்தது. அதை வைத்திருப்பவர்கள் அங்கே இன்னமும் ஏராளம் என்பதால் இந்தச் சாமான்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். கஸ்டம்ஸ் வரியைப் பார்த்தால்தான் மயக்கம் வரும். புஷ் மாதிரிச் சின்னவற்றை அம்பத்தூர் லேத்தில் கடைந்துகொண்டேன்.

ஓட்டுவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். முதல் கியருக்கு, பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ கிடையாது. நகர்ந்துகொண்டிருக்கும்போது போட வேண்டுமானால் டபுள் கிளச்தான், அதாவது கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து ஆக்ஸிலும் மேலும் கீழும் ஆடும். வேகமாக வளைவில் நுழைந்துவிட்டு நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் லேசாக மிதித்தபடி வர வேண்டும். ஜாக்கி வைத்து இறக்கிய பிறகு பார்த்தால், ரொம்ப நேரம் சம்மணம் போட்டிருந்தவர் எழுந்து நிற்பதைப் போல் பின்சக்கரங்கள் கோணலாக நிற்கும். கொஞ்ச தூரம் உருட்டினால் தானாக நிமிர்ந்துகொள்ளும். தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள். அதே வண்டி 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். எங்கள் தெருவில் ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் நான் ஒரே ஓட்டத்தில் திருப்புவேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

பெட்ரோல் விவகாரம் இப்போதைய தலைவலி. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபோதே பழைய என்ஜின்களில் வால்வு உட்காரும் இடமான வால்வு சீட் தேயும் கவலை வந்தது. ஹெட்டைக் கழற்றிய சமயத்தில் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் அடித்துக்கொண்டேன். இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் ஹோஸை அது ஊற வைக்கிறது, பெட்ரோல் பம்பின் டயஃப்ரமைக் கெடுக்கிறது. காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் டேங்க் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். டயஃப்ரம் ஒன்று எப்போதும் டேஷ்போர்டில் கிடக்கும். மற்றபடி வாரம் தவறாமல் ஓட்டி, பெட்ரோல் பழசாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

அதனால்தான் விண்டேஜ் பதிவுக்கும் நான் போகவில்லை. 2021 விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாத வண்டி எனக்கு எதற்கு? சாதாரணப் பதிவையே 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-இல் 5,000 ஆனது. 2025-இல் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்ட வேண்டியதுதான்.

அன்று டப்பா என்று சொன்ன மனைவி இப்போது, 'என்னங்க, பின்னாடி ஏதோ சத்தம் புதுசா இருக்கே' என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவே இருக்கும்.

அடுத்த தவணை கியர்பாக்ஸ். இரண்டாவது கியர் சில சமயம் வெளியே துள்ளிவிடுகிறது. ஹெரால்டில் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டாம். முன் சீட்டுகளையும் நடுவில் மூடியிருக்கும் கவரையும் எடுத்துவிட்டால் வண்டிக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். சீட்டுகள் எப்படியும் குஷன் கடைக்குப் போக வேண்டியவைதான். பொங்கல் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். தூக்குவதற்குப் பையனையும் அன்றைக்கு லீவு போடச் சொல்லியிருக்கிறேன்.