மக்கேருஸ் மலையில் ஏரோதின் பிறந்தநாள்

விவிலியத்தில் பிறந்தநாள் என்றே தெளிவாகக் குறிப்பிடப்படும் விழாக்கள் அரசர்களுடையவை. தொடக்க நூல் 40ஆம் அதிகாரத்தில், தன் பிறந்தநாள் விருந்தன்று பார்வோன் மது பரிமாறுவோரின் தலைவனைப் பழைய பணியில் அமர்த்தி, அப்பம் தயாரிப்போரின் தலைவனைக் கழுவேற்றுகிறான். மக்கபேயர் இரண்டாம் நூலிலோ, மாதந்தோறும் வரும் மன்னனின் பிறந்தநாளில் யூதர்கள் பலிப்பொருளை உண்ணுமாறு வற்புறுத்தப்படுகிறார்கள். கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவின் பிறந்தநாள் விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது.

அந்தக் கொலை நடந்த இடம் எதுவென்று நற்செய்திகள் கூறவில்லை. யோவான் மக்கேருஸ் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டார் என்று எழுதியவர் யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ். யோர்தான் நாட்டுத் திருப்பயணத்தில், மதாபாவிலிருந்து தென்மேற்கே முகாவிர் என்னும் சிற்றூரைக் கடந்து நாங்கள் அங்கே சென்றோம். சாக்கடலின் கீழ்க்கரையில், அதன் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் சரிவாக இறங்கும் தனிக்குன்று அது. அந்திப்பாவின் தந்தை பெரிய ஏரோது திரும்பக் கட்டிய இக்கோட்டையை கி.பி. 72 வாக்கில் உரோமையர் கைப்பற்றினர். இன்று உச்சியில் அடித்தளச் சுவர்களும், நிமிர்த்தி நிறுத்தப்பட்ட இரண்டு தூண்களும், அகழாய்வில் வெளிப்பட்ட முற்றமும் மட்டுமே இருக்கின்றன. முற்றத்தின் ஓரத்திலுள்ள அரைவட்ட மாடம் அரியணை இருந்த இடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

அந்த முற்றத்தில் அமர்ந்து மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை வாசித்தோம். அரசவையினர், படைத்தலைவர்கள், கலிலேயாவின் முதன்மைக் குடிமக்கள் என்று விருந்தினரை மாற்கு வரிசைப்படுத்துவது வெறும் விவரிப்பன்று என்பதை அங்கேதான் உணர்ந்தேன். யோவான் நேர்மையும் தூய்மையும் உள்ளவர் என்று ஏரோது அறிந்திருந்தான். அவர் சொல்வதை மனமுவந்து கேட்டும் வந்தான். தான் மணந்துகொண்ட, தன் சகோதரனின் மனைவியான ஏரோதியாவின் மகள் விருந்தில் நடனமாடியபோது, அவள் கேட்பதைத் தருவதாக வாக்களித்தான். தாயின் சொற்படி அவள் யோவானின் தலையைக் கேட்டபோது மிக வருந்தவும் செய்தான். ஆயினும் விருந்தினர் முன்னிலையில் கொடுத்த வாக்கை மீறினால் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அவனுடைய மனச்சான்றை வென்றுவிட்டது. அந்த மணத்தைக் கண்டித்த யோவானைக் கொல்லக் காத்திருந்த ஏரோதியாவுக்கு அந்த நாள் வாய்ப்பாக அமைந்ததும் இதனால்தான். குற்றம் பிறந்தநாளில் இல்லை. பிறர் முன் தன் பெருமையைக் காத்துக்கொள்ள ஓர் உயிரை விலையாகக் கொடுத்ததில்தான் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

யோவானுடைய பிறப்பைப் பற்றி வானதூதர் அவருடைய தந்தை செக்கரியாவிடம் சொன்னதோ, அதனால் பலர் மகிழ்வர் என்பதாகும். ஆண்டவர் இயேசு, அன்னை மரியா, திருமுழுக்கு யோவான் ஆகிய மூவரின் பிறப்பை மட்டுமே திருச்சபை விழாவாகக் கொண்டாடுகிறது. செப்டம்பர் 8 அன்று வேளாங்கண்ணியில் கூடும் நம் மக்களுக்கு மரியாவின் பிறந்தநாள் நன்கு தெரியும்; யோவானின் பிறப்புவிழா ஜூன் 24 என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

யோவானின் சீடர்கள் வந்து அவரது உடலை எடுத்துச் சென்று கல்லறையில் வைத்தார்கள் என்ற வசனத்தோடு வாசகம் முடிந்தது. பின்னர், அவர் பிறந்தபோது தந்தை செக்கரியா பாடிய புகழ்ப்பாடலை, அவர் உயிர்நீத்த அந்த மலையிலேயே அனைவரும் சேர்ந்து சொன்னோம். உண்மை பேசியதற்காகச் சிறையில் இருப்போர் அனைவருக்காகவும், அவர்களைப் பார்க்கச் செல்லும் குடும்பத்தினருக்காகவும் மன்றாடிவிட்டு, யோவான் இயேசுவுக்குத் திருமுழுக்கு அளித்த இடமாகப் போற்றப்படும் அல் மக்தாஸ் நோக்கிப் புறப்பட்டோம்.