எட்டால் வகுப்பதற்கு முன்: வேக மாற்றக் கணக்குகளுக்கு ஒரு வழிகாட்டல்

வலையமைப்பு டிப்ளோமா படிக்கிற தம்பி தங்கைமார் பலர் இந்தப் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிற்றை எட்டால் வகுத்தால் பைற், அவ்வளவுதானே என்ற எண்ணம். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கைமாறும் ரியூட்களில் (வகுப்புக் குறிப்புத் தாள்களில்) பெரும்பாலும் ஒரு மாற்று அட்டவணைதான் இருக்கும். பரீட்சையை எழுதி முடித்து, பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது இது: வகுத்தலில் யாருக்கும் புள்ளி போவதில்லை. எந்த எண்ணை வகுப்பது என்பதில்தான் போகிறது.

தொலைத்தொடர்புப் பக்கத்தை ஒரு தொலைபேசிக் குரலின் வேகமான செக்கனுக்கு 64 கிலோபிற்றிலிருந்து தொடங்குங்கள். தொலைபேசிக் குரலுக்கு 4 கிலோஹேர்ட்ஸ் போதும் என்று வைத்தார்கள். அதன் இருமடங்காகச் செக்கனுக்கு 8000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிற். பெருக்கினால் 64,000. இங்கே கிலோ என்றால் ஆயிரம்தான், 1024 அல்ல. 65,536 என்று எழுதினால் அடுத்து வரும் எல்லா வரியும் பிழைத்துவிடும்.

பல குரல்களை ஒரே இணைப்பில் கொண்டுபோக நம் நாட்டில் பாவனைக்கு வந்த ஈ1 இணைப்பில் இப்படி 64 கிலோபிற் கொண்ட 32 ஸ்லொட்கள் (நேரப் பங்குகள்): 32 × 64 = 2048 கிலோபிற். வட அமெரிக்காவின் ரி1 இணைப்பில் 24 ஸ்லொட்களும் ஃப்ரேமுக்கு (எல்லா ஸ்லொட்களும் ஒரு தடவை வரும் சுற்றுக்கு) ஒரு மேலதிக பிற்றும்: 24 × 8 + 1 = 193, 193 × 8000 = 15,44,000. இந்த இரண்டையும் மனனம் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பெருக்கி எடுங்கள். அந்த 8000 கையோடு வந்தால் பல ஈ1களை ஒன்றாக ஏற்றும் பெரிய இணைப்பான எஸ்டிஎம்-1 இணைப்பும் வந்துவிடும்: 270 நிரல், 9 நிரை, 8 பிற், 8000 ஃப்ரேம், 155.52 மெகாபிற்.

இப்போது பரீட்சகர்களுக்குப் பிடித்த கேள்வி. ஒரு எஸ்டிஎம்-1 இணைப்பில் எத்தனை ஈ1 போகும்? 155.52ஐ 2.048ஆல் வகுத்தால் 75.9 வரும். 75 என்று எழுதினால் பிழை. சரியான விடை 63. ஏனென்றால் ஒவ்வொரு ஈ1 இணைப்பும் தனக்கென்று ஒரு கொள்கலத்தில், மேலதிகத் தகவல்களோடு ஏற்றப்படுகிறது. ஃப்ரேமின் ஒரு பங்கும் கட்டுப்பாட்டுக்கே போகிறது. ஈ3 இணைப்பும் இப்படித்தான்: 34.368 மெகாபிற்றுக்குள் 16 ஈ1, அதாவது 32.768 மட்டுமே. லொறியின் மொத்த எடையைச் சரக்கின் எடையாக எடுக்க முடியாது.

சேமிப்பகப் பக்கத்தில் பெயர்களே குழப்பும். பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் கிடைத்தால் இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் 40 ஊசிகள் வரிசையாக நிற்கும் அகன்ற வாய், மற்றதில் ஏழே தொடுபுள்ளிகள் கொண்ட சின்ன சாட்டா வாய். முதலாவது ஏடிஏ, 16 பிற்களை ஒன்றாக அனுப்புவது. அல்ட்ரா ஏடிஏ 133 என்ற பெயரில் இருப்பது ஏற்கெனவே மெகாபைற். அதை எட்டால் வகுக்கவே கூடாது. ஸ்கஸி என்ற இன்னொரு வகை டிஸ்க் இணைப்பின் அல்ட்ரா 320 பெயரும் அப்படித்தான்.

சாட்டாவோ ஒற்றை ஒற்றையாக அனுப்புவது. 1.5 கிகாபிற் என்பது கம்பியில் ஓடும் வேகம். 8பி/10பி குறியாக்கத்தால் ஒவ்வொரு 8 பிற்றும் 10 பிற்றாகப் போகிறது, ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்: 150 மெகாபைற். 187.5 என்று எழுதியவருக்குக் குறியாக்கம் தெரியாது என்று திருத்துபவருக்கு உடனே விளங்கிவிடும். யூஎஸ்பி 2.0 இதில் சேராது. அதன் 480 மெகாபிற்றை எட்டால் வகுத்து 60 மெகாபைற் என்று எழுதலாம். ஃபைபரில் ஓடும் கிகாபிற் ஈதர்நெற் இதற்கு நேர்மாறு: பெயரில் இருப்பது குறியாக்கத்துக்கு முந்திய 1 கிகாபிற், இழையில் ஓடுவது 1.25.

ஒரு முழுக் கணக்கு செய்து பார்ப்போம். 600 மெகாபைற் கோப்பை ஈ1 வழியே அனுப்ப எவ்வளவு நேரம்? கண்ணை மூடிக்கொண்டு 2.048 மெகாபிற்றை எட்டால் வகுத்தால் செக்கனுக்கு 2,56,000 பைற், 2344 செக்கன். ஆனால் பூச்சிய ஸ்லொட் ஃப்ரேம் ஒத்திசைவுக்கு (ஃப்ரேம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட) போய்விடும், தரவுக்கு மிஞ்சுவது 31. அப்படியென்றால் 2,48,000 பைற், 2419 செக்கன். 16ஆம் ஸ்லொட்டும் சமிக்ஞைக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் 2,40,000 பைற், சரியாக 2500 செக்கன். மெகாபைற்றை 10,48,576 என்று எடுக்கச் சொல்லியிருந்தால் 2621 செக்கன். நான்கு விடைகளுக்கும் நியாயம் இருக்கிறது. கேள்வி எதைக் கேட்கிறது என்பது அதன் முதல் இரண்டு வரிகளில்தான் இருக்கும். அதை அடிக்கோடிட்டுவிட்டுத்தான் பேனாவை விடைத்தாளுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வியில் ஒன்றும் சொல்லாவிட்டால், "பயன்படும் ஸ்லொட்கள் 30, மெகா = 10,00,000 எனக் கொள்ளப்படுகிறது" என்று விடையின் மேலே ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். அலகை ஒவ்வொரு படியிலும் எழுதுங்கள், கடைசி வரியில் மட்டும் போதாது. பிற்றா பைற்றா என்பதைச் சுருக்காமல் முழுச் சொல்லாகவே எழுதுவது நல்லது. அவசரத்தில் பிற்றுக்கான சிறிய எழுத்தும் (b) பைற்றுக்கான பெரிய எழுத்தும் (B) ஒன்றாகிவிடும்.