மைக் கிராஃப்ல தெரியாத விஷயம்

மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல மாமா தவில் வாசிக்க, ஒரு டைனமிக் மைக்கும் ஒரு கண்டென்ஸர் மைக்கும் (ரெண்டும் வேற வேற வகை மைக்) பக்கத்துல பக்கத்துல வச்சு ரெக்கார்ட் பண்ணேன், அப்புறம் ஈக்யூ (பேஸ், ட்ரெபிள்னு சத்தத்த தனித்தனியா கூட்டிக் குறைக்கிறது) போட்டு ரெண்டையும் ஒரே மாதிரி கொண்டாந்துடலாம்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தும் வரவே இல்லங்க.

காரணம் என்னன்னா, கம்பெனிக்காரங்க பெருசா போடுற ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கிராஃப், அதாவது பேஸ்லேர்ந்து ட்ரெபிள் வரைக்கும் எந்த சத்தத்த மைக் எவ்ளோ வாங்கும்னு காட்டுற படம், பெரும்பாலும் மைக்குக்கு நேர் முன்னாடி வர்ற சத்தத்துக்குதான். வலந்தலையில (தவிலோட வலது பக்கம்) விரல்ல மாட்டுற கூடு பட்டு 'டக்'குனு வர்றது முன்னாடிலேர்ந்து வருது சரி, ஆனா அதே 'டக்' தளத்துல பட்டு சுவத்துல பட்டு பக்கவாட்டுலயும் பின்னாடியும் திரும்பி வருதே, அத ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு விதமா நெறம் மாத்தி வாங்குது, நேரா வந்ததும் திரும்பி வந்ததும் ஒரே டிராக்ல கலந்தப்புறம் எந்த ஈக்யூவாலயும் பிரிக்க முடியாது.

தூரமும் இருக்கு. கார்டியாய்டு (முன்னாடி வர்ற சத்தத்த அதிகமா வாங்குற) மைக்குக்கு கிட்ட போகப் போக பேஸ் ஏறும், 1966ல வந்த ஷூர் எஸ்எம்58ல உதடு ஒட்டிப் பாடுறவங்களுக்கு நல்லாவே தெரியும், எல்லா பக்கமும் ஒரே மாதிரி வாங்குற ஆம்னி மைக்ல அப்படி ஏறாது.

மறுநாள் மாமாவுக்குப் பின்னாடி கொடியில ரெண்டு ஜமக்காளத்த தொங்கவிட்டு மைக்க ஒரு ஜாண் கிட்ட நகத்தினேன். ரெண்டு மைக்கோட சத்தமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்துடுச்சு, கூடு சத்தம் அவ்ளோ சுத்தம், மாமா ரொம்ப நேரம் ஹெட்ஃபோன கழட்டவே இல்ல.