களவாண்டால்தான் வளருமாம்

கேரளத்துப் பாறசாலையில் இருக்கிற சேச்சிக்கு (அக்கா என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவழியாக வீடு முடிந்துவிட்டது. ஆவணியில், அவர்கள் கணக்கில் சிங்ஙத்தில், பால் காய்ச்சு. குழித்துறையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், களியக்காவிளையில் நெரிசல் இல்லாமல் இருந்தால். (இருக்கும்.) போவது பிரச்சினை இல்லை, கையில் என்ன கொண்டு போவது என்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் சேச்சி வாடகை வீட்டில் இருந்தபோதே அங்கே மூன்று சுவர்க்கடிகாரம் இருந்தது, மூன்றும் வேறு வேறு நேரம் காட்டும், நாலாவதாக ஒன்றை நான் கொண்டுபோய் மாட்ட வேண்டாம் என்று செடி கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் நர்சரிக்குத்தான் போனேன். அதிர்ஷ்டம் என்று கேட்டாலே லக்கி பாம்பூவை எடுத்து நீட்டுகிறார்கள், கண்ணாடிக் குவளையில் கூழாங்கல், சிவப்பு ரிப்பன் எல்லாம் போட்டு. அது மூங்கிலே கிடையாது தெரியுமா? மூங்கில் புல் இனம். இது டிரசீனா, சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கம். தண்டு மூங்கில் மாதிரி கணு கணுவாக இருப்பதால் அந்தப் பெயர். சீனர்கள் இதை மூன்று தண்டாகக் கொடுப்பார்கள், நாலு கொடுக்க மாட்டார்கள், அவர்கள் பாஷையில் நாலு என்ற சொல் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்குமாம். நூறு ரூபாய் மொய் வைக்க மனசு வராமல் ஒரு ரூபாய் தேடுகிற ஆட்கள் நாம், அதனால் இதில் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

நாலு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரர்கள் நாலு இலை க்ளோவர் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று புல்வெளியில் உட்கார்ந்து தேடுவார்கள், அது வழக்கமாக மூன்று இலைதான் விடும். நம் வயல் வரப்பில் கிடக்கிற ஆரைக்கீரையைப் பாருங்கள், ஒவ்வொரு காம்பிலும் நாலு இலை, தேடவே வேண்டாம். நாம் அதைப் பறித்துத் துவரன் வைத்துவிட்டோம்.

சரி, செடிக்கு வருவோம். எங்கள் வீட்டுப் பின்புறம் பிலாவு மரத்தில் ஒரு மணி பிளான்ட் ஏறிக் கிடக்கிறது. மரத்தில் ஏற ஏற அதன் இலை பெருத்துக்கொண்டே போகும், மேலே இருக்கிற இலை முறம் அளவு, ஓரம் கிழிந்து வேறு இருக்கும், வந்தவர்கள் இது என்ன செடி என்று கேட்பார்கள். வீட்டுக்குள் பாட்டிலில் நிற்கிற அதே செடிதான் என்றால் நம்ப மாட்டார்கள். அதில் ஒரு கொடி வெட்டலாம் என்று கத்தியோடு போனேன், அம்மா பிடித்துக்கொண்டார்.

"மக்ளே, அத சும்மா குடுக்கப்பிடாது. நம்ம வீட்டு ஐசுவரியம் அவ வீட்டுக்குப் போயிரும். அவளுக்கும் வளராது. களவாண்டு வச்சாத்தான் தளைக்கும்."

அப்போ நம்ம வீட்டுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்து வீட்டு மதிலில் தொங்கியதை ஒடித்துக்கொண்டு வந்தேன் என்றார். நான் பிறப்பதற்கு முந்திய களவு.

யோசித்தால் அம்மா சொல்வதில் கால்வாசி விஷயம் இருக்கிறது. இந்தச் செடி பூப்பதே இல்லை. அதனுடைய சொந்த ஊர் பசிபிக் கடலில் மோரியா என்கிற தீவு. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூக்கத் தூண்டுகிற ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை இதனால் சரியாகத் தயாரிக்க முடியவில்லை, வெளியிலிருந்து தெளித்தால் பூக்கிறது என்று 2016இல் ஒரு ஆய்வு வந்தது. பூ இல்லை என்றால் விதை இல்லை. அப்படியென்றால் உங்கள் வீட்டு மணி பிளான்ட், என் வீட்டு மணி பிளான்ட் எல்லாமே யாரோ ஒருவர் வேறொரு செடியிலிருந்து வெட்டியதுதான். கேட்டு வெட்டினாரா கேட்காமல் வெட்டினாரா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அம்மாவே வழியும் சொன்னார். "நீ குடுக்காண்டாம். அங்க எங்கயாவது வச்சிட்டு வா. அவளே எடுக்கட்டு." அப்படியே செய்வது என்று தீர்மானம் ஆனது.

வெட்டியதில் முதல் தடவை சொதப்பல். அழகான இலையாகப் பார்த்து நாலு இலையைக் காம்போடு பறித்து வெள்ளத்தில் (எங்கள் ஊரில் தண்ணீருக்கு அதுதான் பெயர்) போட்டேன். ஒரு மாதம் பச்சையாகவே நின்றது, வாடவும் இல்லை, தளிர் விடவும் இல்லை, கேட்டால் பதில் சொல்லாத பிள்ளை மாதிரி. தளிர் வருவது கணுவிலிருந்துதான், கணு இல்லாத இலை எத்தனை நாள் நின்றாலும் இலைதான். கொடியில் பழுப்பாக ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் வேர் வரப்போகிற இடம், அதற்கு ஒரு விரல் கீழே வெட்ட வேண்டும். இரண்டு மூன்று கணு இருக்கிற துண்டு போதும். கீழ் இலையைக் கிள்ளிவிட்டுக் கணு மட்டும் மூழ்குகிற மாதிரி பழைய தேன் பாட்டிலில் வைத்தேன். குழாய் வெள்ளமாக இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் போகட்டும். பத்தாம் நாள் வெள்ளை நூல் மாதிரி வேர் தெரிந்தது.

ஒரு விஷயம் மறக்கக்கூடாது. வாரம் ஒரு தடவையாவது அந்த வெள்ளத்தைக் கொட்டிப் பாட்டிலை உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழெட்டு நாள் போதும், அதற்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி தெளிந்த வெள்ளம்தான் வேண்டும். மழைக்காலத்தில் வீடு வீடாகச் சோதிக்க வருகிறவர்கள் ஆட்டுக்கல்லுக்கு அடுத்தபடி பார்ப்பது மணி பிளான்ட் பாட்டிலைத்தான். இதனாலேயே சேச்சிக்குப் பாட்டிலாகக் கொடுக்காமல் சிரட்டையில், அதாவது கொட்டாங்கச்சியில், மண் போட்டுக் கொடுத்தேன்.

தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதிதான் நமக்கு. மூன்று கண்ணில் ஒன்று மென்மையாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் திறந்துவிடும், வெள்ளம் வடிய ஓட்டை தயார். வெளியே ஒட்டியிருக்கிற நாரை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் தேங்காயெண்ணெய் விட்டுத் துணியால் துடைத்தால் பழைய அகப்பை போலக் கருத்து மின்னும். தொங்கவிடக் கயிறு கோர்க்க விளிம்பில் மூன்று துளை. முதல் சிரட்டை துளை போடும்போதே பிளந்தது, விளிம்பை ஒட்டிப் போட்டுவிட்டேன், ஒரு விரல் அகலம் விட்டுப் போட வேண்டும். இரண்டாவது சிரட்டைக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். உள்ளே கொஞ்சம் செம்மண், கொஞ்சம் மக்கிய சாணம், அப்புறம் கதம்பைத் தும்பின் (தேங்காய் மட்டை நாரின்) தூள். அந்தத் தூளை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போடுங்கள், உப்பு இருக்கும். மேலே ஒரு ஒற்றை ரூபாய் நாணயம் செருகினேன், அது என் சேர்க்கை.

சேச்சி வீட்டில் பூனையும் இரண்டு வயதுப் பேரனும் உண்டு. மணி பிளான்ட், சேம்பு, சேனை எல்லாம் ஒரே குடும்பம். சேனை நறுக்கினால் கை ஏன் சொறிகிறதோ, அதே ஊசி ஊசியான படிகம் இந்த இலையிலும் உண்டு, கடித்தால் வாய் எரியும். தென்கிழக்கு மூலைதான் வாஸ்து என்பார்கள், எனக்கு அதெல்லாம் தெரியாது, பேரனுக்கு எட்டாத மூலையாக இருந்தால் சரி.

பால் காய்ச்சு அன்று போய், சிட் அவுட் திண்ணையில் சிரட்டையை வைத்துவிட்டுச் சேச்சி காதில் விஷயத்தைச் சொன்னேன். "புட்டு அவிக்கவா?" என்று சிரித்தார். பால் பொங்குவதைப் பார்க்க எல்லோரும் அடுக்களையில் கூடியிருந்த நேரம் பார்த்து, செட்டு முண்டுத் தலைப்பில் சிரட்டையை மறைத்துக்கொண்டு சொந்த வீட்டுக்குள் களவாணி மாதிரி நுழைந்தார். மாமியார் பார்த்துவிட்டார்.

"அது எவிடுந்நா?"

"மோஷ்டிச்சதா அம்மே."

"ஆங், எந்நா வளரும்." (களவாண்டது என்று சேச்சி சொல்ல, அப்படியென்றால் வளரும் என்கிறார் மாமியார்.)

நேற்று சேச்சி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கொடி நன்றாகத் தொங்குகிறது, புதிதாக ஏழு இலை, நுனியில் மட்டும் இரண்டு கணு நீளத்துக்கு யாரோ நறுக்கி எடுத்திருக்கிறார்கள். வடக்குப் பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் இருக்கும் என்கிறார் சேச்சி. ரூபாய் அப்படியே இருக்கிறதாம்.