கோவளம் கடல் நீரில் வைரஸைத் தேடினேன்: வட்டங்கள் கிடைத்தன

கடல் வைரஸைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் அது பாக்டீரியாவைக் கொன்று தீர்த்த இடத்தைப் பார்க்கலாம். பார்த்துவிட்டேன்.

கோவளத்தில் எடுத்த கடல் நீரை 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடித்தேன். பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டரிலேயே தங்கிவிடும், வைரஸ் இறங்கிவிடும். வடிநீரோடு விப்ரியோ நாட்ரிஜென்ஸ் என்ற பாக்டீரியாவையும் அதற்கு உணவாகப் பெப்டோன் என்ற புரதச் சத்தையும் சேர்த்து ஓர் இரவு விட்டேன். அதைத் தாக்கும் வைரஸ் இருந்தால் பெருகட்டும் என்றுதான். இந்தப் பாக்டீரியா உப்பு நீரில் வளரும், ஆபத்தில்லாத வகை. நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் 10 நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். அப்புறம் மறுபடி வடித்து, புது பாக்டீரியாவோடு இளகிய அகாரில் (ஆறினால் ஜெல்லியாக உறையும் கடற்பாசிக் கூழ்) கலந்து தட்டில் ஊற்றினேன். அகார் 45 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். சூடு கூடினால் பாக்டீரியா சாகும், குறைந்தால் ஊற்றுவதற்குள் கட்டிதட்டிவிடும்.

காலையில் தட்டு முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி பாக்டீரியா. அதில் ஆங்காங்கே வட்ட வட்டமாக ஓட்டைகள். சில பளிச்சென்று தெளிவாக இருந்தன, சில மங்கல். மங்கலான வட்டங்களில் வைரஸ் சில செல்களைக் கொல்லாமல், தன் மரபணுவை அவற்றுக்குள் செருகிவிட்டுக் காத்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட செல்லை அதே வைரஸ் மறுபடி தாக்கிக் கொல்ல முடியாது. கொதிக்கவைத்து ஆற்றிய வடிநீரை ஊற்றிய தட்டில் ஓர் ஓட்டையும் இல்லை. அதனால் இது வைரஸின் வேலைதான் என்று நம்புகிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு தட்டு. பெருக்காமல் நேரடியாக ஊற்றிய கடல் நீரில் ஒரு வட்டம்கூட விழவில்லை. இப்படித் தட்டில் எண்ணித்தான் கடலில் வைரஸ் குறைவு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1989-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில நீர்நிலைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 கோடி வரை இருந்தது! சாதாரணக் கடல் நீரிலேயே மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியா, 1 கோடி வைரஸ். ஒரு தட்டு காட்டுவது அதில் வளரும் ஒரே பாக்டீரியாவுக்குப் பொருந்தும் வைரஸை மட்டும். கடல் பாக்டீரியாவில் பெரும்பாலானவை தட்டில் வளரவே வளராது. கடலில் மிக அதிகமாக உள்ள பெலாஜிபாக்டர் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பிரித்தெடுத்த செய்தியே 2013-இல்தான் வெளிவந்தது.

கடல் பாக்டீரியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தினமும் வைரஸால் சாகிறது என்கிறார்கள். வெடித்த செல்லின் சத்து நீரில் கரைந்து மற்ற பாக்டீரியாவுக்கே உணவாகிறது. உணவுச் சங்கிலியில் மேலே மீன் வரை போய்ச் சேர்வது அந்த அளவுக்குக் குறைகிறது.

பழைய தட்டுகளை ப்ளீச்சில் ஊறவைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். தெளிந்த வட்டங்களுக்குள் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருக்கின்றன. வைரஸுக்குத் தப்பிய பாக்டீரியாவாக இருக்கவேண்டும். ஒரு புள்ளியைத் தனியே வளர்த்து அதன்மேல் அதே வடிநீரை விடப்போகிறேன். வட்டம் விழாவிட்டால், அதையும் தாக்கும் வைரஸைத் தேடிக் கோவளத்து நீரை மறுபடி வடிக்கவேண்டும்.